டீசல் குடித்த மண்

தில்லிப் பக்கம் குடிவந்து பதினாறு வருஷமாச்சு. அம்மா ஊரிலிருந்து ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த கருவேப்பிலைக் கன்று, தோள் உயரம் வளர்ந்தபிறகு போன வருஷம் பட்டுப்போனது. தோண்டிப் பார்த்தால் ஒரே டீசல் நாற்றம். பக்கத்து ஜெனரேட்டர் டாங்கில் கசிவு. "மண்ணை அள்ளி வெளியே கொட்டிடுங்க சார்" என்றார் காவலாளி. வெளியே என்றால் எங்கே? அடுத்தவர் வாசலிலா?

அப்போது தேடிப் படித்ததுதான் இந்தக் கதை.

வங்காளத்தில் பிறந்து அமெரிக்கா போன ஆனந்த மோகன் சக்கரவர்த்தி, ஜெனரல் எலெக்ட்ரிக்கில் வேலை பார்த்தபோது, எண்ணெயின் பல கூறுகளையும் தின்னக்கூடிய ஒரு பாக்டீரியாவை உருவாக்கினார். 1972-ல் காப்புரிமை கேட்டார். உயிருள்ள ஒன்றுக்குக் காப்புரிமையா? வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1980-ல் ஐந்துக்கு நான்கு என்று அவர் பக்கம் தீர்ப்பு. வேடிக்கை என்னவென்றால், அந்தப் புகழ்பெற்ற பாக்டீரியா எந்த எண்ணெய்க் கசிவிலும் இறக்கப்படவே இல்லை!

1989-ல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் தரைதட்டியபோது கரையில் போட்டது வெறும் உரம்தான். எண்ணெயில் கார்பன் ஏராளம். நைட்ரஜனும் பாஸ்பரஸும் போதாது. அதைக் கொடுத்ததும் அங்கேயே இருந்த பாக்டீரியாக்கள் வேகமாகத் தின்றன. ஆனால் காற்று புகாத கல்லடியில் சிக்கிய எண்ணெய், பல ஆண்டுகள் கழித்தும் அப்படியே கிடைத்தது.

நம் நாட்டில், தில்லி டெரி நிறுவனத்தில் பன்வாரி லால் குழுவினர் உருவாக்கிய 'ஆயில்ஸாப்பர்' ஒரு பாக்டீரியாக் கூட்டணி. சுத்திகரிப்பு ஆலைக் கசடிலும், 2010-ல் மும்பை அருகே எம்.எஸ்.சி. சித்ரா விபத்துக்குப் பின் கரையிலும் பயன்பட்டது. 2017-ல் நம் எண்ணூர்க் கரையில் ஆட்கள் வாளியில் எண்ணெய் அள்ளியதும் ஞாபகம் இருக்கும். அள்ளுவது முதல் வேலை. அள்ளியதை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. என் கேள்வியும் அதுவே.

கசிவை முதலில் அடைக்க வைத்தேன். பிறகு மண்ணைக் கிளறி, தொழு உரமும் கொஞ்சம் யூரியாவும் கலந்து, ஈரம் காயாமல் பார்த்து, வாரம் ஒருமுறை புரட்டினேன். ஆறு மாதத்தில் நாற்றம் போனது. தூவிய வெந்தயமும் முளைத்தது. பறித்துச் சமைக்கவில்லை. நாற்றம் போனால் விஷம் போனதாக அர்த்தமில்லையே.

"கன்னு வச்சியாடா?" என்று ஞாயிறுதோறும் போனில் அம்மா கேட்கிறாள். அடிமண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறேன். பதில் வரட்டும் அம்மா. இந்தத் தடவை அவசரப்படப் போவதில்லை.