திறன்பேசியில் அணுகல் வசதிகள்

பார்வையற்றோர், காது கேளாதோர், பேச இயலாதோர், கைவிரல்களை எளிதில் அசைக்க முடியாதோர் ஆகியோர் பிறர் துணையின்றித் திறன்பேசியைக் கையாள உதவும் மென்பொருள்கள் அணுகல் வசதிகள் எனப்படும். ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் இவற்றில் பெரும்பாலானவை செட்டிங்ஸ் பகுதியிலேயே இருக்கின்றன. தனியே காசு கொடுக்க வேண்டியதில்லை.

முன்பு அப்படி இல்லை. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரிலிருந்த பல்ஸ் டேட்டா நிறுவனம் 2000இல் கொண்டுவந்த பிரெய்ல்நோட் என்ற கையடக்கக் கருவி பார்வையற்றோர் எழுதவும் படிக்கவும் பெரிதும் உதவியது. விலைதான் சாமானியருக்கு எட்டாதது. 2009இல் ஐபோன் 3ஜிஎஸ் வாய்ஸ்ஓவர் என்னும் திரைவாசிப்பானோடு வந்தது. அதே ஆண்டு ஆண்ட்ராய்டிலும் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் இடம்பெற்றது. கூகுளில் அந்தப் பணியை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர் டி. வி. ராமன். புனேயில் வளர்ந்து, 14 வயதில் பார்வையை இழந்து, மும்பை ஐஐடியிலும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்திலும் படித்தவர். கருவியை அன்றாடம் நம்பி வாழ்பவரே அதை உருவாக்கும் இடத்திலும் இருந்தது இத்துறைக்குக் கிடைத்த பெரும்பேறு.

வாய்ஸ்ஓவர் இயங்கும்போது விரல் பட்ட இடத்தில் உள்ளதைக் குரல் சொல்லும். இருமுறை தட்டினால் அது திறக்கும். விரலை வலப்புறம் இழுத்தால் அடுத்தது வரும். மூன்று விரல்களால் மும்முறை தட்டினால் திரை இருண்டு, குரல் மட்டும் தொடரும். பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் வங்கிக் கணக்கை எட்டிப் பார்க்க முடியாது.

இந்த வசதிகள் அன்றாடம் எப்படித் தேவைப்படுகின்றன என்பதற்கு நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம் ஓர் எடுத்துக்காட்டு. அதன் கிழக்குப் புறநகரான பக்குரங்காவில் ரயில் நிலையம் இல்லை. பான்மூர் நிலையத்தோடு அதை இணைக்கும் தனிப் பேருந்துத் தடம் 2021இல் திறக்கப்பட்டது. அடுத்த பேருந்து எப்போது வரும் என்பதை நகரப் போக்குவரத்துக்கான ஏடி மொபைல் செயலி காட்டும். பார்வையற்றவருக்கு அந்த நேரத்தைச் சொல்லக் குரல் வேண்டும். காது கேளாதவர்கள் அந்நாட்டின் அவசர உதவி எண்ணான 111க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். ஆனால் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். ஆபத்து வந்தபின் பதிவு செய்ய நேரமிருக்காது என்பதால் இதை இன்றே முடித்துவைப்பது நல்லது.

எதிரில் இருப்பவரின் பேச்சை எழுத்தாக்கும் லைவ் டிரான்ஸ்க்ரைப் செயலி ஆண்ட்ராய்டில் 2019இல் வந்தது, தமிழையும் எழுதும். கை அசைவு குறைந்தவர்களுக்கு ஒற்றைப் பொத்தானால் இயக்கும் ஸ்விட்ச் கன்ட்ரோல் 2013 முதலும், குரலாலேயே முழுவதையும் இயக்கும் வாய்ஸ் கன்ட்ரோல் 2019 முதலும் ஐபோனில் உள்ளன.

தமிழ்க் குடும்பங்களுக்குச் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பிள்ளைகளோடு நியூசிலாந்துக்கு வந்து குடியேறிய, பார்வை குறைந்த முதியவரின் கைப்பேசியில் ஆங்கிலக் குரல் மட்டும் இருந்தால், ஊரிலிருந்து வரும் வாட்ஸ்அப் செய்தி அவர் காதுக்கு ஒழுங்காக வந்து சேராது. தமிழ்க் குரலைத் தரவிறக்கித் திரைவாசிப்பானில் சேர்ப்பது சில நிமிட வேலை. வீட்டில் ஒருவர் உட்கார்ந்து செய்து தரவேண்டும். செயலி எழுதுபவர்கள் பொத்தானுக்குப் பெயரிடாமல் விட்டால் ‘பட்டன், பட்டன்’ என்றே குரல் சொல்லிக்கொண்டிருக்கும். கல்யாணப் பத்திரிகையும் இரங்கல் அறிவிப்பும் படமாக மட்டும் வரும்போதும் இதே கதிதான். படத்தின் கீழே பெயர், நாள், நேரம், இடம் என்று இரண்டு வரி தட்டச்சு செய்து அனுப்பினால், பேரனைக் கூப்பிடாமல் அந்த முதியவரே கேட்டுத் தெரிந்துகொள்வார்.