கிடங்குக் கஞ்சாவும் பூஞ்சணமும்: சந்திக்காத இரண்டு கேள்விகள்

நெய்யாற்றங்கரைக்கும் பூவாற்றுக்கும் இடையே அமைந்த ஊர் திருப்புறம். அருகே, தேசிய நெடுஞ்சாலையில் அமரவிளைக் கலால் சோதனைச் சாவடி, தெற்கே பாறசாலை, அதைத் தாண்டினால் களியக்காவிளை, தமிழ்நாடு. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. தமிழர் கோரிக்கையில் இடம்பெற்றிருந்த நெய்யாற்றங்கரை வட்டமோ கேரளத்திலேயே நின்றது. அன்று முதல் இவை எல்லையோர ஊர்கள். எல்லை இருக்குமிடத்தில் சோதனை உண்டு, சோதனையின் விளைவாகப் பறிமுதல் உண்டு. பறிமுதலான பொருளை வழக்கு முடியும்வரை ஓரிடத்தில் வைத்துக் காக்கவும் வேண்டும். அந்த இடத்திற்குள் நிகழ்வது பற்றி வரலாற்றெழுத்து அதிகம் பேசியதில்லை.

இப்பகுதியில் வழக்குச் சொத்தைத் ‘தொண்டி’ என்பர். தொண்டியாக வரும் கஞ்சாவில் பெரும்பகுதி ஆந்திர – ஒடிசா எல்லை மலைகளில் விளைந்து, செங்கல் வடிவில் அழுத்தப்பட்டு, நெகிழித்தாளும் ஒட்டுநாடாவும் சுற்றி வருவது. முழுதாக உலராத பூங்கொத்தை இறுக்கிப் பொதிந்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். இங்கு ஜூனில் ஒரு மழைக்காலம், அக்டோபரில் இன்னொன்று. மலையாளத்தில் பூப்பல் என்றும் தமிழில் பூஞ்சணம் என்றும் சொல்லப்படுவது, இந்நிலத்தில் அரிசி, கொப்பரை, துணி, புத்தகம் என எதையும் விட்டுவைப்பதில்லை. கஞ்சாவுக்கு மட்டும் விலக்கு இருக்கக் காரணமில்லை.

இச்செய்தியின் ஆவண வரலாறு 1893இல் தொடங்குகிறது. அவ்வாண்டு மாக்வொர்த் யங் தலைமையில் அமைந்த இந்தியக் கஞ்சா ஆணைக்குழு, 1,193 பேரின் சாட்சியத்தைப் பெற்று 1894இல் அறிக்கை அளித்தது. ஏழு தொகுதிகள் கொண்ட அவ்வறிக்கையில் ஆய்வாளர்கள் பெரிதும் மேற்கோள் காட்டுவது, மிதமான பயன்பாட்டால் பெருந்தீங்கு இல்லை என்ற முடிவையே. அதைவிடக் கவனிக்கத்தக்கது அதன் வினாப்பட்டியல். அதில் ஒரு வினா: வைத்திருந்தால் கஞ்சா கெடுமா, எத்தனை நாள் தரம் குன்றாது இருக்கும், கெடுவதற்குக் காரணம் என்ன, தடுக்க வழி உண்டா? அதே பட்டியலில் வெகுதூரம் தள்ளி இன்னொரு வினா: இதனால் வயிற்றுக்கடுப்பு, மார்ச்சளி, ஆஸ்துமா ஆகியன உண்டாகின்றனவா?

இரண்டும் நல்ல கேள்விகள். ஆனால் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. கெடுதல் என்று ஆணைக்குழு கருதியது வீரியம் குன்றுவதை. நுரையீரல் நோயைப் பற்றி வினவியபோது அது கருதியது புகையின் அளவை. கெட்டுப்போன சரக்கைப் புகைத்தவருக்கு என்ன ஆகும் என்ற கேள்வி, இரு வினாக்களுக்கும் இடையிலிருந்த இடைவெளியில் விழுந்துவிட்டது. காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. வங்கத்தில் நவகாவ் பகுதியில் விளைந்த கஞ்சா, அரசின் மேற்பார்வையிலிருந்த ‘கோலா’ எனப்படும் கிடங்குகளில் எடை போட்டு வைக்கப்பட்டுத் தீர்வை செலுத்திய பின்னரே வெளியே சென்றது. கிடங்கு ஒரு கருவூலம். அங்கே பழுது என்பது முதலில் வருவாய் இழப்பு. திருவிதாங்கூரிலும் கஞ்சா அரசுக்கு வருவாய் தரும் பொருளாகவே இருந்தது. அங்கு வேறொரு பார்வை எழுந்திருக்கும் என்று எதிர்பார்க்க இடமில்லை.

வேதியியலும் முதலில் அதே திசையில்தான் சென்றது. 1896இல் கேம்பிரிட்ஜில் வுட், ஸ்பைவி, ஈஸ்டர்ஃபீல்ட் ஆகியோர் சரஸிலிருந்து கன்னபினால் என்ற பொருளைப் பிரித்தனர். மயக்கம் தரும் வேதிப்பொருள் காற்றுபட்டு நாட்பட்டுச் சிதையும்போது உருவாவதே அது என்பது பின்னாளில் தெளிவாயிற்று. பழைய கஞ்சாவின் வீரியக் குறைவுக்கு இவ்வாறு விளக்கம் கிடைத்தது. பூஞ்சணத்துக்கு யாரும் விளக்கம் தேடவில்லை.

நார், தூசு, மூச்சு ஆகியவற்றின் தொடர்பு அறியப்படாததன்று. சணலும் ஆளியும் சிக்கெடுக்கும் தொழிலாளர் ஓயாமல் இருமுவதை இத்தாலிய மருத்துவர் ரமாசினி 1700இலேயே எழுதிவிட்டார். அவர் சொன்ன சணல், கஞ்சாச் செடியின் நார்தான். (தமிழில் சணல் என்றதும் நினைவுக்கு வரும் சாக்குச் சணல் வேறு செடி, மொழிபெயர்ப்புகளில் இக்குழப்பம் மிகுதி.) உழைப்பாளியின் நுரையீரலைக் கண்ட மருத்துவம், அதே செடியின் பூவைப் புகைப்பவரிடம் வர 275 ஆண்டுகள் ஆயின.

1975இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில், நோயெதிர்ப்பாற்றலில் பிறவிக் குறை கொண்ட ஒருவருக்கு, பூஞ்சணம் பிடித்த கஞ்சாவின் புகையால் நுரையீரலில் ஆஸ்பெர்ஜில்லஸ் தொற்று ஏற்பட்ட செய்தி வெளியானது. 1980களின் தொடக்கத்தில் கேகன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், புகைப்போர் உள்ளிழுக்கக்கூடிய ஆஸ்பெர்ஜில்லஸ் கஞ்சாவில் இருப்பதைக் காட்டினர். 1988இல் எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை பெற்ற ஒருவர் இத்தொற்றால் இறந்தது பதிவாயிற்று. இதன் வித்துகள் இரண்டு முதல் மூன்றரை மைக்ரான் அளவினவாதலால் மூச்சுச் சிற்றறைகள் வரை எட்டுகின்றன. நெருப்பு எல்லாவற்றையும் கொன்றுவிடும் என்ற நம்பிக்கையும் சரியன்று. எரிவது நுனி மட்டுமே, இழுக்கப்படும் காற்றோ எரியாத பகுதியின் ஊடாக வருகிறது.

இதை மிகைப்படுத்துவதும் தவறு. நலமான நுரையீரல் பெரும்பாலான வித்துகளை அன்றாடம் வெளியேற்றிவிடுகிறது. பதிவான மரணங்கள் மிகச் சில. ஆனால் இந்தியச் சூழலில் ஒன்றை மறக்கக் கூடாது. காசநோய் ஆறிய பின் நுரையீரலில் எஞ்சும் குழிகளில் ஆஸ்பெர்ஜில்லஸ் உருண்டையாகத் திரண்டு வளர்வது இந்நாட்டு மருத்துவர்கள் நன்கறிந்த நோய். காசநோய் மிகுந்த நாட்டில், தன் புகைப்பழக்கத்தைச் சட்டத்துக்கு அஞ்சி மருத்துவரிடம் மறைக்கும் நோயாளிக்கு, தொற்று எங்கிருந்து வந்தது என்ற கேள்வியே எழாமல் போகலாம்.

ஆஸ்பெர்ஜில்லஸின் ஆபத்தை இந்தியா அறியாமலும் இல்லை. 1974இல் ராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில் மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் கல்லீரல் கெட்டு மாண்டனர். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வு, அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சைக் காரணமாகக் காட்டியது. நஞ்சை உண்டாக்கியது ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ். உணவுக் கிடங்கு பற்றிய சிந்தனை அதன்பின் கூர்மை பெற்றது. தொண்டிக் கிடங்கில் உணவு இல்லை. எனவே அச்சிந்தனை அங்கே நுழையவில்லை.

1985இன் போதைப்பொருள் சட்டத்தில் 1989இல் சேர்க்கப்பட்ட 52அ பிரிவு, வழக்கு முடியுமுன்னரே பொருளை அழிக்க வழிவகுத்தது. அதற்கு அது பெயர் சொல்லிக் குறிப்பிடும் காரணங்கள்: பொருளின் அபாயத் தன்மை, திருட்டு, மாற்றி வைத்தல், இடநெருக்கடி. ஈரம் அப்பட்டியலில் இல்லை. அதே ஆண்டின் நிலையாணை, கஞ்சா மாதிரி 24 கிராம் எடுத்து, வெப்பத்தால் ஒட்டிய நெகிழிப் பைக்குள் இட்டு வைக்கச் சொன்னது. நீதிமன்றச் சான்று என்ற நோக்கில் இது பிழையற்ற ஏற்பாடு. ஈரக் கஞ்சாவைக் காற்றுப்புகாமல் மூடுவது பூஞ்சணத்துக்குச் செய்யும் உபசாரம் என்பதோ சான்றுச் சட்டத்தின் கவலையன்று.

2016 ஜனவரியில் மோகன்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம், பிடிபட்ட போதைப்பொருளில் சிறு பகுதியே அழிக்கப்படுவதைக் கண்டு கடிந்து, தனிச் சேமிப்பிடங்கள் அமைக்க ஆணையிட்டது. அங்கும் முதன்மைக் கவலை, பொருள் மீண்டும் சந்தைக்குப் போய்விடுமே என்பதுதான். நியாயமான கவலை. ஆயினும் மீண்டும் சந்தைக்குப் போகும் கஞ்சா, ஆண்டுக்கணக்கில் கிடங்கின் புழுக்கத்தில் கிடந்த கஞ்சா என்பதையும் சேர்த்து எண்ணினால் அந்தத் தீர்ப்பு இன்னொரு பொருள் கொள்ளும். 2023இல் சென்னை மெரினா காவல் நிலைய வழக்கொன்றில், 22 கிலோவில் மிகப் பெரும்பகுதியை எலி தின்றுவிட்டதாகச் சொல்லப்பட்டு இருவர் விடுதலையாயினர். நாடே சிரித்தது. எலி நடமாடும் அறையின் காற்றை நாள்தோறும் சுவாசிக்கும் காவலரைப் பற்றி எவரும் கேட்கவில்லை. அமெரிக்காவின் கொலராடோவில், வீட்டுக்குள் கஞ்சா வளர்த்த இடங்களைச் சோதனையிடும் காவலர்களைப் பற்றி 2013இல் வெளியான ஆய்வு, செடிகளை அகற்றும்போது காற்றில் பூஞ்சண வித்துகள் பெருகுவதை அளந்து, மூச்சுக் கவசம் அணியுமாறு பரிந்துரைத்தது.

இங்கு இதை ஆராயச் சான்றுகளே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 52அ பிரிவின்படி நீதித்துறை நடுவர் சான்றளிக்கும் பொருட்பட்டியலும் நிழற்படங்களும் வழக்குக் கட்டுகளில் சேர்கின்றன. பிடிபட்ட நாளின் எடையையும் பின்னர் அளந்த எடையையும் மழைக் கணக்கோடு பொருத்தி வைத்தால், தென்னெல்லைக் கிடங்குகளின் ஈர வரலாற்றை ஓரளவு எழுதலாம். பிரதிவாதி வழக்கறிஞர்கள் எடை வேறுபாட்டுக்காக அக்கட்டுகளைப் புரட்டி வருகிறார்கள். பொதுச் சுகாதார ஆய்வாளர்கள் இன்னும் புரட்டத் தொடங்கவில்லை.