கூட்டை விட்டு வெளியேறிய கேமரா

1900ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்தின் வயல்வெளியில் ஒரு காளை நின்றிருந்தது. மேயவில்லை, அசைபோடவில்லை, வாலைச் சுழற்றி ஈ ஓட்டவும் இல்லை. அதன் தோலில் ஒரு சிறு துளை, துளைக்குப் பின்னால் ஒரு லென்ஸ். பாடம் செய்த தோலை மரச்சட்டத்தின் மேல் போர்த்திச் செய்த பொம்மைக் காளை அது. உள்ளே ஒரு மனிதர் கேமராவோடு குனிந்து நின்று, எதிரே தரையில் கூடு கட்டியிருந்த பறவை திரும்பி வருவதற்காக மணிக்கணக்கில் காத்திருந்தார். ஒருமுறை அந்தக் காளை உள்ளிருந்தவரோடு சாய்ந்து, நான்கு கால்களும் வானத்தைப் பார்க்கக் கிடந்ததும் உண்டு.

காளையைச் செய்தவர்கள் ரிச்சர்ட் கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்ற அண்ணன் தம்பி. யார்க்‌ஷயரின் மலைக்கிராமத்தில் வளர்ந்தவர்கள். சிறுவயதில் கீழே விழுந்ததில் அண்ணனுக்கு ஒரு கால் ஊனம். 1892 ஏப்ரலில், முட்டைகளோடு இருந்த ஒரு பாடும் பறவையின் கூட்டைத் தம்பி படமெடுத்தார். மூன்றே ஆண்டுகளில், 1895இல், பிரிட்டிஷ் பறவைகளின் கூடுகளைப் பற்றிய அவர்களது நூல் முழுக்க முழுக்கப் புகைப்படங்களோடு வெளிவந்தது. கடல் ஓரத்துச் செங்குத்துப் பாறைகளில் கயிறு கட்டி இறங்கினார்கள். உயரத்தில் இருக்கும் கூட்டுக்கு அண்ணனின் தோள்மேல் தம்பி ஏறி நின்றார்.

ஏன் எல்லாமே கூடு? அன்றைய கேமராவுக்கு வேறு வழி இல்லை என்பதுதான் காரணம். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, சொரசொரப்பான கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் பிம்பத்தைப் பார்த்து ஃபோகஸ் செய்யவேண்டும். பிறகு அந்தக் கண்ணாடியை அகற்றி, ரசாயனம் பூசிய கண்ணாடித் தகட்டைச் செருகவேண்டும். அதன் பிறகு கேமரா எதையும் காட்டாது. பறவை எங்கே வந்து உட்காரும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் படம். வந்த பறவை சில அடி தூரத்துக்குள் இருக்கவேண்டும், கொஞ்ச நேரமாவது ஆடாமல் இருக்கவேண்டும். பறந்துபோன பறவை திரும்பி அதே இடத்துக்கு, அதே அங்குலத்துக்கு வரும் என்று நம்பக்கூடிய இடம் கூடு ஒன்றுதான். பறவைப் புகைப்படம் கூட்டருகில் பிறந்தது ஆசையால் அல்ல, கருவியின் போதாமையால்.

மறைந்திருந்து படமெடுக்கும் சிறு கூடாரத்தை இன்றும் 'ஹைட்' என்றே சொல்கிறார்கள். அதை முதலில் தூரத்தில் நட்டு, பறவை பழகப் பழக ஒவ்வொரு நாளாக நகர்த்திக்கொண்டு வருவார்கள். கூடாரத்துக்குள் இரண்டு பேர் போவார்கள், ஒருவர் மட்டும் வெளியே வந்து நடந்துவிடுவார். வந்த ஆள் போய்விட்டான் என்று நினைத்துப் பறவை கூட்டுக்குத் திரும்பும்.

பறவை எல்லா நேரமும் ஏமாறாது. 1937இல் வேல்ஸில் ஓர் இரவு, ஆந்தைக் கூட்டுக்கு எதிரே இருந்த ஹைட்டுக்கு ஏறிக்கொண்டிருந்த பறவைப் புகைப்படக்காரர் எரிக் ஹாஸ்கிங்கின் முகத்தில் தாய் ஆந்தை இருட்டில் ஓசையின்றி வந்து நகத்தைப் பதித்தது. இடது கண்ணை எடுக்கவேண்டியதாயிற்று. அப்போது அவருக்கு வயது 27. ஹாஸ்கிங் ஆந்தையைக் குறை சொல்லவில்லை, தொழிலையும் விடவில்லை. 1940களின் பிற்பகுதியில் மின்னல் நேரமே எரியும் எலெக்ட்ரானிக் ஃபிளாஷைக் கையாளத் தொடங்கி, இரையைக் கவ்விக்கொண்டு சிறகை விரித்து வரும் கூகையை உறையவைத்தார். பறக்கும் பறவையின் ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரிந்த காலம் அப்போதுதான் வந்தது.

இந்தியாவிலும் இந்தக் கலையைத் தொடங்கிவைத்தவர்கள் ஹைட்டுக்குள் இருந்தவர்களே. ரயில்வேயில் பணியாற்றிய லோதர், 1949இல் தம் இந்திய அனுபவங்களை நூலாக்கினார். அந்த வழக்கத்துக்கு வெளியே நின்றவர் மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950 முதல் சாகும்வரை 'தி ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கைப் பத்தி எழுதியவர். தமிழிலும் பறவைகளைப் பற்றி அருமையாக எழுதியவர்.

அவருடைய கேமராவைப் பார்த்தவர்கள் மறக்கவில்லை. உடல் ஒரு கம்பெனியுடையது, டெலி லென்ஸ் வேறொன்றுடையது, மற்ற பாகங்கள் அவரே இணைத்தவை. 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். அந்தக் கனத்தைச் சுமந்துகொண்டு, காட்டில் திரிந்து, கறுப்பு வெள்ளையில் மட்டுமே எடுத்தார். வண்ணம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. விலங்கோ பறவையோ தன் இடத்தில் தன் இயல்பில் என்ன செய்கிறது என்பதே அவருக்கு முக்கியம். கூர்மை குறைந்தாலும் சுற்றியிருக்கும் மரமும் புல்லும் நீரும் அவர் படங்களில் பேசும். இன்று மங்கலான பச்சைப் பின்னணியில் ஒற்றைப் பறவை பளபளக்கும் ஆயிரம் படங்களைப் பார்த்த கண்ணுக்கு, கிருஷ்ணனின் படங்கள் அதிகம் கற்றுத்தருகின்றன.

பிறகு கருவி வேகமாக மாறியது. 36 படம் கொண்ட ஃபிலிம் சுருளின் இடத்தில் மெமரி கார்டு வந்தது. 1999இல் கேனன் வெளியிட்ட 600 மி.மீ. எஃப்/4 லென்ஸின் எடை ஐந்தரை கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 2018இல் வந்த அதன் வாரிசு மூன்று கிலோ சொச்சம். இன்றைய மிரர்லெஸ் கேமரா பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடித்துப் பின்தொடர்கிறது, ஷட்டர் ஓசைகூட இல்லாமல் நொடிக்கு இருபது படம் எடுக்கிறது. விடியலின் மங்கிய வெளிச்சத்திலும் ஐ.எஸ்.ஓ. என்னும் ஒளியுணர்திறனை ஏற்றிச் சமாளிக்கிறது.

ஆகவே கூட்டருகே போக 1900இல் இருந்த காரணம் இன்று எவரிடமும் இல்லை. ஆனாலும் போகிறார்கள். கூடு நன்றாகத் தெரியவேண்டும் என்று குறுக்கே இருக்கும் கிளையை ஒடிக்கிறார்கள். அந்த இலை மறைவு போனால் குஞ்சின்மேல் வெயில் நேராக இறங்கும், காகமும் வல்லூறும் கூட்டைக் கண்டுகொள்ளும். ஆள் நிற்கும் வரை தாய் கூட்டுக்கு வராது, அடைகாக்கும் சூடு இல்லாமல் முட்டை கெடும். கூட்டுப் படங்களை ஏற்கமாட்டோம் என்று பல போட்டிகள் விதி வைத்திருப்பது மிகச் சரி. தாமதமாக வந்த விதி என்பது மட்டுமே குறை.

கூட்டையும் பார்க்கவேண்டும், பறவையும் கலங்கக்கூடாது என்றால் செங்கல்பட்டுப் பக்கம் வேடந்தாங்கல் இருக்கிறது. 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் ஊரார் பறவைகளுக்குப் பாதுகாப்புக் கேட்டுப் பெற்றார்கள். எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். மரங்கள் ஏரித் தண்ணீருக்குள் நிற்கின்றன, ஆட்கள் கரையோடு நிற்கிறார்கள். மாசி மாத நடுப்பகலில் கரையிலிருந்து நீண்ட லென்ஸைத் திருப்பினால், மஞ்சள்மூக்கு நாரை ஒன்று சிறகைப் பாதி விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடித்துக்கொண்டு நிற்பது தெரியும். அதன் துணை நீரை விழுங்கிக்கொண்டு வந்து, குனிந்து, அலகைத் திறந்து, வாய் பிளந்து நிற்கும் குஞ்சுகளின் தலைமேல் ஊற்றுகிறது. கரைப்பக்கம் அது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.