டயர் பக்கச்சுவரின் வரலாறு

கார் டயரில் சாலையைத் தொடும் பகுதிக்கும் உலோக ரிம்முக்கும் இடையில் உள்ள ரப்பர்ப் பகுதி பக்கச்சுவர் எனப்படும். இது உயரமாக அமைந்த டயர் ஹை புரொஃபைல் டயர். குட்டையாக அமைந்தது லோ புரொஃபைல் டயர். புதிய கார் வாங்குவோர் பலர் இந்த வேறுபாட்டைத் தோற்றம் சார்ந்த ஒன்றாகவே கருதுகின்றனர். உண்மையில் பக்கச்சுவரின் உயரம், கார் ஓடும் சாலைக்கும் அதன் வேகத்துக்கும் ஏற்ப மாறி வந்துள்ளது. 20ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியில் அது கூடியது, பிற்பகுதியில் குறைந்தது. இரண்டுக்கும் தக்க காரணங்கள் இருந்தன. அவற்றை அறிந்தால் அன்றாடப் பயணத்துக்கு எந்த டயர் ஏற்றது என்பதும் தெளிவாகும்.

டயரில் உள்ள எண்கள்

டயரின் பக்கத்தில் 205/55 ஆர் 16 என்பது போன்ற குறியீடு பொறிக்கப்பட்டிருக்கும். 205 என்பது டயரின் அகலம். இது மில்லிமீட்டரில் தரப்படுகிறது. 55 என்பது, பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பதைக் காட்டும் விகிதம். ஆர் என்பது ரேடியல் என்ற அமைப்பைக் குறிக்கும். 16 என்பது ரிம்மின் விட்டம். இது மட்டும் அங்குலத்தில் இருக்கும்.

இதைக் கொண்டு பக்கச்சுவரின் உயரத்தை எளிதில் கணக்கிடலாம். 205-இல் 55 விழுக்காடு 112.75 மி.மீ. ரிம்மின் விட்டம் 16 × 25.4 = 406.4 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர்களையும் சேர்த்தால் முழு டயரின் விட்டம் 631.9 மி.மீ.

விகிதம் வேறு, உயரம் வேறு என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். மாருதி 800 காரின் டயர் 145/70 ஆர் 12. அதன் பக்கச்சுவர் 101.5 மி.மீ. ஏழாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ காரின் டயர் 225/45 ஆர் 17. அதன் பக்கச்சுவர் 101.25 மி.மீ. விகிதத்தைப் பார்த்தால் ஒன்று 70, மற்றது 45. உயரமோ ஏறத்தாழ ஒன்றே. ஆனால் ஜிடிஐ, மாருதி 800-ஐப் போல் ஏறக்குறைய இரு மடங்கு எடை கொண்டது. அதே உயரமுள்ள ரப்பர் இரு மடங்கு எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. ஆகவே குறியீட்டில் உள்ள நடு எண்ணை மட்டும் பார்த்து டயரை மதிப்பிட முடியாது.

காற்றடைத்த டயரின் தொடக்கம்

காற்றடைத்த டயருக்கு முதன்முதலில் 1845இல் காப்புரிமை பெற்றவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் வில்லியம் தாம்சன். ரப்பர் பூசிய துணிக்குழாயில் காற்றை அடைத்து, அதன் மேல் தோலுறை போர்த்திக் குதிரை வண்டிச் சக்கரங்களில் பொருத்தினார். 1847இல் லண்டன் ரீஜென்ட்ஸ் பூங்காவில் அது சோதித்துக் காட்டப்பட்டது. எனினும் அது சந்தையில் நிலைபெறவில்லை. பிறகு 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர மிதிவண்டிக்காகச் செய்து பார்த்த காற்று டயருக்குக் காப்புரிமை பெற்றார். தாம்சன் முன்னரே பெற்றிருந்த உரிமையால் அது பின்னர் செல்லாமற் போனது. ஆனால் டயர்த் தொழில் வேரூன்றியது டன்லப்பின் முயற்சிக்குப் பிறகுதான். 1895இல் பாரிஸ்–போர்டோ–பாரிஸ் பந்தயத்தில் மிஷலான் சகோதரர்கள் காற்று டயர் பூட்டிய காரை ஓட்டிக் காட்டினர்.

தொடக்ககாலக் கார் டயர்கள் மெலிந்தவை. மிகுந்த அழுத்தத்தில் காற்றடைக்கப்பட்டவை. ஃபோர்டு மாடல் டி காரின் பின்சக்கர டயர் 30 × 3½ என்ற அளவில் இருந்தது. அதாவது வெளிவிட்டம் 30 அங்குலம், டயரின் பருமன் மூன்றரை அங்குலம். இரு புறமும் டயரின் பருமனைக் கழித்தால் ரிம் 23 அங்குலம்.

1920களில் பலூன் டயர் எனப்பட்ட புதிய வகை வந்தது. அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 1923இல் இதை அறிமுகம் செய்தது. இதில் காற்றின் அளவு அதிகம், அழுத்தம் குறைவு. மாடல் டி காரும் தன் கடைசி ஆண்டுகளில் 4.40–21 என்ற பலூன் டயருக்கு மாறியது. அதன் வெளிவிட்டம் 21 + 4.4 + 4.4 = 29.8 அங்குலம். பழைய டயரும் 30 அங்குலமே. சக்கரத்தின் மொத்த உயரம் மாறவில்லை. ரிம் இரண்டு அங்குலம் சுருங்கியது. அந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொண்டது. மண்ணும் கல்லுமாக இருந்த அன்றைய சாலைகளில் குலுக்கலைக் குறைக்க அதுவே எளிய வழியாக இருந்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு இதே மாற்றம் தலைகீழாக நடந்தது.

ரேடியல் டயர் தந்த வாய்ப்பு

பழைய டயர்களின் உள்ளே துணி இழைகள் குறுக்கும் மறுக்குமாகச் சாய்ந்து ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருக்கும். அத்தகைய டயரில் காற்றடைத்தால் அதன் குறுக்குவெட்டு வட்ட வடிவத்தையே நாடும். அகலமும் உயரமும் ஏறக்குறைய சமமாக இருக்கும். இந்தியாவில் நீண்ட காலம் ஓடிய அம்பாசிடர் காரின் 5.90–15 டயரும், பிரீமியர் பத்மினியின் 5.20–14 டயரும் இந்த மரபில் வந்த அளவுகளே. அவற்றில் விகிதம் தனியாகக் குறிக்கப்படுவதில்லை.

மிஷலான் நிறுவனம் 1946இல் காப்புரிமை பெற்று 1949இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ரேடியல் டயர் இந்த நிலையை மாற்றியது. இதில் பக்கச்சுவர் இழைகள் டயரின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகச் செல்கின்றன. சாலையைத் தொடும் பகுதிக்கு அடியில் எஃகு இழைகளாலான பட்டை ஒன்று சுற்றி வருகிறது. பக்கச்சுவர் வளைந்து கொடுக்கும் வேலையைத் தனியாகச் செய்கிறது. பட்டை சாலையைத் தொடும் பகுதியைச் சமதளமாகப் பிடித்து வைக்கிறது. இதனால் டயரை அகலமாகவும் குட்டையாகவும் செய்வது எளிதாயிற்று.

பந்தயத்திலிருந்து பொதுச் சாலைக்கு

1970களில் இத்தாலியின் பைரெல்லி நிறுவனம் லான்சியா ஸ்ட்ராட்டோஸ் என்ற ராலிப் பந்தயக் காருக்காக பி7 என்ற டயரை உருவாக்கியது. அதன் விகிதம் 50. அந்தக் கார் 1974, 1975, 1976 ஆகிய மூன்று ஆண்டுகளும் உலக ராலிப் பட்டத்தை வென்றது. அந்தப் பத்தாண்டின் நடுவிலேயே பி7 டயர் போர்ஷே 911 டர்போ காரிலும் இடம்பெற்றது. 1978இல் வெளிவந்த லம்போர்கினி கவுன்டாஷ் எல்பி400 எஸ் காரின் பின்சக்கரத்தில் 345/35 ஆர் 15 அளவு பொருத்தப்பட்டது.

வேகமான கார்களுக்கு இத்தகைய டயர் தேவைப்பட்டதற்கு இரு காரணங்கள் உண்டு. முதலாவது, வளைவில் திரும்பும்போது உயரமான பக்கச்சுவர் முதலில் பக்கவாட்டில் வளைகிறது. அதற்குப் பிறகே கார் திரும்புகிறது. குட்டையான பக்கச்சுவரில் இந்தத் தாமதம் குறைவு. இரண்டாவது காரணம் பிரேக். வேகம் கூடக் கூடப் பெரிய பிரேக் தட்டு தேவை. அது ரிம்முக்குள் அடங்க வேண்டும். சக்கரத்தின் மொத்த விட்டத்தைக் கூட்டாமல் ரிம்மை மட்டும் பெரிதாக்க வேண்டுமானால் பக்கச்சுவர்தான் குறைந்தாக வேண்டும்.

இந்த மாற்றம் சாதாரணக் கார்களுக்கு வந்த விதத்தை கோல்ஃப் ஜிடிஐ காரிலேயே காணலாம். 1976இல் வந்த முதல் ஜிடிஐயின் டயர் 175/70–13, பக்கச்சுவர் 122.5 மி.மீ. 1984இல் வந்த இரண்டாம் தலைமுறையில் 185/60–14. பக்கச்சுவர் 111 மி.மீ. ஏழாம் தலைமுறையில் முன்னர் கூறிய 101.25 மி.மீ. முதல் காரில் டயர் விட்டத்தில் சுமார் 43 விழுக்காடு ரப்பராக இருந்தது. ஏழாம் தலைமுறையில் அது 32 விழுக்காடாகக் குறைந்தது. இதற்கிடையில் கார் பெருத்தது, எடை கூடியது, வேகமும் கூடியது. எனவே பெரிய ரிம் ஓரளவு தேவையாகவே இருந்தது. ஆனால் அலாய் வீல் பளிச்சென்று தெரிவதற்காக மட்டும் ரிம்மைப் பெரிதாக்கும் வழக்கமும் இதனுடன் சேர்ந்தே வளர்ந்தது. தேவையால் வந்தது எது, அழகுக்காக வந்தது எது என்று பிரித்தறிவது வாங்குபவருக்குக் கடினமாயிற்று.

பெற்றதும் இழந்ததும்

ஒரே காருக்குப் பொருந்தும் நான்கு அளவுகளை ஒப்பிட்டால் இந்த மாற்றத்தின் விலை தெரியும். 195/65 ஆர் 15, 205/55 ஆர் 16, 225/45 ஆர் 17, 225/40 ஆர் 18 ஆகிய நான்கின் மொத்த விட்டமும் 632 மி.மீ. முதல் 637 மி.மீ. வரைதான். வேறுபாடு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. அதனால் வேகமானி காட்டும் அளவில் பெரிய பிழை வராது. ஆனால் பக்கச்சுவர் 126.75 மி.மீ.இலிருந்து 90 மி.மீ. ஆகக் குறைகிறது. பள்ளத்தில் சக்கரம் விழும்போது அமுங்கிக் கொடுக்கும் இடத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடுகிறது.

பள்ளத்தின் கூர்மையான விளிம்பில் டயர் மோதும்போது, பக்கச்சுவர் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்குகிறது. உயரம் போதுமானதாக இருந்தால் காற்று அந்த அடியை வாங்கிக்கொள்ளும். உயரம் குறைவாக இருந்தால் ரப்பர் முழுதும் மடங்கி, உள்ளிருக்கும் இழைகள் அறுபடும். வெளியில் கிழிசல் எதுவும் தெரியாது. சில நாட்களில் அந்த இடத்தில் டயர் குமிழ்போல் வீங்கும். இழை அறுந்த இடத்தில் காற்றின் அழுத்தத்தை வெறும் ரப்பர் மட்டுமே தாங்கிக்கொண்டிருக்கிறது என்பதே அந்த வீக்கத்தின் பொருள். இதைப் பஞ்சர் கடையில் ஒட்டிச் சரிசெய்ய முடியாது. அந்த டயர் நெடுஞ்சாலை வேகத்தில் வெடிக்கக்கூடும். உடனே மாற்றிவிட வேண்டும். அதே அடியில் ரிம்மும் வளையலாம் அல்லது விரிசல் விடலாம்.

வேறு சில வேறுபாடுகளும் உண்டு. அகலமான டயர் மழைநீரை விலக்கித் தள்ளச் சிரமப்படும். தேங்கிய நீரின் மேல் மிதந்து பிடி இழக்கும் வாய்ப்பு அதற்கு அதிகம். பெரிய ரிம் பொதுவாக எடையும் விலையும் கூடியது. மறுபுறம், உயரமான டயருக்கும் குறைகள் உண்டு. வேகமான வளைவில் அது சற்று ஆடும். ஸ்டியரிங் திருப்பியதற்கு மெதுவாகப் பதில் தரும்.

பந்தயக் களம் தரும் பாடம்

லோ புரொஃபைல் டயரே எங்கும் உயர்ந்தது என்ற எண்ணத்தைப் பந்தய உலகமே ஏற்கவில்லை. உலக ராலிப் பந்தயத்தில் தார்ச்சாலைப் போட்டிக்கு 18 அங்குல ரிம்மும் தாழ்ந்த டயரும் பூட்டுகின்றனர். அதே கார் கரடுமுரடான மண்சாலைக்குப் போகும்போது 15 அங்குல ரிம்முக்கும் உயரமான டயருக்கும் மாறுகிறது. ஓட்டுநர் அவரே, காரும் அதுவே. சாலை மாறினால் டயர் மாறுகிறது.

ஃபார்முலா 1 கார்களின் கதையும் குறிப்பிடத்தக்கது. 2021 வரை அவை 13 அங்குல ரிம்மில் உயரமான பக்கச்சுவர் கொண்ட டயர்களிலேயே ஓடின. அந்தக் கார்களில் சஸ்பென்ஷன் அசையும் தூரம் மிகக் குறைவு. குலுக்கலில் பெரும்பங்கைப் பக்கச்சுவரே தாங்கியது. 18 அங்குல ரிம் 2022இல்தான் வந்தது.

சாலைக் கார்களிலும் வேறொரு வழி முயன்று பார்க்கப்பட்டது. 2013இல் வெளிவந்த பிஎம்டபிள்யூ ஐ3 மின்காரில் 155/70 ஆர் 19 என்ற அளவு வந்தது. பெரிய ரிம், ஆனால் ஒடுங்கிய, விகிதம் உயர்ந்த டயர். காற்றின் எதிர்ப்பையும் உருளும்போது ஏற்படும் இழப்பையும் குறைப்பது அதன் நோக்கம். பெரிய ரிம் என்றால் தாழ்ந்த டயராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

அன்றாடப் பயணத்துக்கு

நகரத்துக்குள் அலுவலகம், பள்ளி, சந்தை என்று ஓடும் காருக்கு வேகத்தடையும் பள்ளமும் நாள்தோறும் உண்டு. மழைக்காலத்தில் பள்ளம் நீருக்கடியில் மறைந்திருக்கும். மணிக்கு 40, 50 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் சற்று விரைவாகத் திரும்புவதால் கிடைக்கும் பயன் மிகச் சிறிது; பக்கச்சுவர் குறைவதால் வரும் இழப்பு ஒவ்வொரு நாளும் தொடர்கிறது. இத்தகைய பயணத்துக்கு, காரின் உற்பத்தியாளர் அந்தக் காருக்கு அனுமதித்த அளவுகளில் சிறிய ரிம்மும் உயரமான டயரும் கொண்டதே ஏற்றது. நல்ல நெடுஞ்சாலையில் அதிகம் ஓடும் காருக்கு நடுத்தர அளவு பொருந்தும்.

ஏற்கெனவே லோ புரொஃபைல் டயர் உள்ள காரை வைத்திருப்போர் காற்றழுத்தத்தை அடிக்கடி கருவியால் அளந்து பார்க்க வேண்டும். குட்டையான பக்கச்சுவரில் காற்று இறங்கியிருப்பது கண்ணுக்குத் தெரியாது. காற்று குறைந்த நிலையில் பள்ளத்தில் விழுந்தால் சேதம் அதிகம். அளவை மாற்ற விரும்புவோர் டயரின் சுமைக் குறியீட்டையும் பார்க்க வேண்டும். 91 என்ற குறியீடு ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்பதைக் குறிக்கும். அதைவிடக் குறைந்த குறியீடுள்ள டயரைப் பொருத்தினால், முழுக் குடும்பமும் சாமான்களும் ஏறும் நாளில் அது ஆபத்தாக முடியலாம்.

காருக்கு உரிய டயர் அளவும் காற்றழுத்தமும் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டுத்தாளில் அல்லது காரின் கையேட்டில் அச்சிடப்பட்டிருக்கும். டயர்க் கடைக்குச் செல்லும் முன் அந்த எண்களைக் குறித்துக்கொண்டு, பக்கச்சுவரின் உயரத்தைத் தாமே கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது.