மாண்டிலுக்குள் இருந்த மண்

மின்சாரம் வருவதற்கு முன்னர், ஜெஞ்சாரோம் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் திருவிழாவென்றால் பெட்ரோமாக்ஸ் விளக்குதான். காற்றடித்து ஏற்றியதும் மாண்டில் வெள்ளை வெளேரென ஒளிரும். கைபட்டால் சாம்பலாய் உதிரும். அந்தச் சாம்பல் தோரியம் என்னும் உலோகத்தின் ஆக்ஸைடு என்பதையும், அது கதிரியக்கம் உடையது என்பதையும் விளக்கைத் தலையில் சுமந்தவர் அறிந்திலர்.

ஆஸ்திரிய வேதியியலார் ஆவர் வான் வெல்ஸ்பாக் 1891இல் வகுத்த முறைப்படி மாண்டிலில் 99 பங்கு தோரியம் ஆக்ஸைடு, ஒரு பங்கு சீரியம் ஆக்ஸைடு. தோரியம் மோனசைட் மணலிலிருந்து வரும். 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். அதன்பின் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல் கப்பலேறிற்று. 1956இல் தமிழகத்தோடு இணைந்த குமரி மாவட்டத்துக் கரைதான் அது. கயிறு திரித்த எளியோருக்கு அதில் என்ன கிடைத்தது என்பது வேறு கதை.

தோரியத்தின் கதிரியக்கத்தை 1898இல் ஷ்மிட், மேரி கியூரி ஆகிய இருவரும் தனித்தனியே கண்டறிந்தனர். அதன் பொருளை உணர்த்தியவர்கள் மாண்ட்ரியலில் பணியாற்றிய ரதர்ஃபோர்டும் சாடியும். அவர்கள் தோரியத்திலிருந்து வீரியமிக்க ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, 'தோரியம் எக்ஸ்' எனப் பெயரிட்டனர். 1901ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து வந்து பார்த்தபோது, பிரித்தெடுத்த பொருள் தன் வீரியத்தை இழந்திருந்தது. வீரியமற்றுக் கிடந்த தோரியமோ அதனை மீண்டும் பெற்றிருந்தது. ஒரு தனிமம் தானாகவே வேறொரு தனிமமாக மாறிக்கொண்டிருக்கிறது என்பதே இதற்கு விளக்கம். இரசவாதிகள் என்று உலகம் எள்ளுமே என ரதர்ஃபோர்டு தயங்கினாராம். சித்தர் பாடல்களோடு வளர்ந்த நமக்கு அத்தயக்கம் சற்று வேடிக்கையாகவே தோன்றும்.

தோரியம் எக்ஸ் என்பது ரேடியம்-224. அதில் எவ்வளவு இருந்தாலும் 3.6 நாளில் பாதி சிதைந்துவிடும். எஞ்சியதில் பாதி, அடுத்த 3.6 நாளில். இதுவே அரை ஆயுள். சூடேற்றினாலும் அமிலத்தில் இட்டாலும் அக்கணக்கு மாறாது. எந்த அணு எப்போது சிதையும் என்று ஒருவரும் சொல்ல முடியாது. கோடிக்கணக்கில் சேர்ந்தால் கணக்குப் பிசகுவதே இல்லை. ரேடியத்தினின்று தோன்றும் ரேடான்-220 வாயுவின் அரை ஆயுள் ஏறத்தாழ 56 வினாடி. தாய்ப் பொருளான தோரியம்-232க்கோ 1,400 கோடி ஆண்டு. பூமி தோன்றியபோது இருந்த தோரியத்தில் இதுவரை ஐந்தில் ஒரு பங்குதான் கரைந்திருக்கிறது. ஆறு ஆல்ஃபாத் துகளும் நான்கு பீட்டாத் துகளும் உமிழ்ந்தபின் அது காரீயமாகி அடங்கும். நாம் இந்நாட்டில் ஈயமென்று வழங்கும் வெள்ளீயம் வேறு.

அந்த வெள்ளீயச் சுரங்கங்களின் எச்சமான 'அமாங்' மண்ணிலும் மோனசைட் உண்டு. ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில், ஏஷியன் ரேர் எர்த் ஆலை 1982இல் அதிலிருந்து அருமண் உலோகங்களைப் பிரிக்கத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூன் 28இல்தான், நமக்கு அருகிலுள்ள பாங்கியில் நாட்டின் முதல் ஆராய்ச்சி அணு உலை இயங்கத் தொடங்கிப் பெருமை சேர்த்தது. புக்கிட் மேரா ஆலையின் கழிவிலோ தோரியம் மிஞ்சிற்று. 1985இல் ஊர் மக்கள் வழக்குத் தொடுத்தனர். 1992 ஜூலை 11இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூடுமாறு பணித்தது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. வழக்கில் வென்றபோதிலும் 1994இல் நிறுவனம் ஆலையை மூடிவிட்டது. கழிவைப் புதைப்பதற்குக் கிளெடாங் மலைத்தொடரில் இடம் அமைக்கப்பட்டது.