பாரசீகம் தந்த கஞ்சிஃபா: அண்டை மைசூரில் ஒரு கைவினை மரபு

நமது நீலகிரி மாவட்டம் 1799 வரை மைசூர் ஆட்சியின் கீழ் இருந்தது. குன்னூரை அடுத்த துரூக் கோட்டை திப்பு சுல்தான் காலத்தில் காவல் அரணாக விளங்கியது. அவருடைய அரசு அலுவல்களில் பாரசீக மொழி சிறப்பிடம் பெற்றிருந்தது. தாசில்தார், ஜமாபந்தி என்று இன்றும் நாம் வழங்கும் சொற்கள் பாரசீக வழி வந்தவையே. அச்சொற்களைப் போலவே பாரசீகத்திலிருந்து வந்து மைசூரில் வேரூன்றிய கலைச்செல்வம் ஒன்று உண்டு. அதுவே கஞ்சிஃபா எனப்படும் வட்டச் சீட்டு ஓவியம்.

முகலாயர் அவையில்

பேரரசர் பாபர் 1527இல் சிந்து நாட்டு ஷா ஹசனுக்குக் கஞ்சிஃபாச் சீட்டுகளை அனுப்பியதைத் தமது நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்துள்ளார். அக்பரின் அவைக்கள அறிஞர் அபுல் ஃபஸ்லும் தமது 'அயினே அக்பரி' நூலில் இதனை விவரித்துள்ளார். முகலாயக் கஞ்சிஃபாவில் 8 இனங்கள். இனத்திற்கு 12 வீதம் மொத்தம் 96 சீட்டுகள். மகுடம், வாள், பொற்காசு, வெள்ளிக்காசு, பணியாள், யாழ், ஆவணம், சரக்கு என்பன அவ்வினங்கள். ஒவ்வோர் இனத்திலும் அரசர், அமைச்சர், ஒன்று முதல் பத்து வரையிலான எண்கள் இடம்பெறும். ஓர் அரசின் கருவூலமும் படைக்கலமும் எழுத்தகமும் பண்டகசாலையும் உள்ளங்கையில் அடங்கின எனலாம்.

மைசூரில்

நீலகிரி ஆங்கிலேயர் வசமான அதே 1799இல், சிறுவராக அரியணை ஏறியவர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார். சதுரங்கத்திலும் சீட்டுகளிலும் பெருவிருப்பம் கொண்ட அவர், 18 இனங்களும் 360 சீட்டுகளும் கொண்ட ஆட்டத்தையும் வகுத்தார். சீட்டுகளில் இந்துப் புராணக் காட்சிகள் தீட்டப்பட்டன. எனினும் பாரசீகப் பெயர் மாறவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. ஒரு சமூகத்தின் கலையை மற்றொரு சமூகம் தனதாக்கிப் போற்றிய நல்லிணக்கத்திற்கு இதுவும் ஒரு சான்றாகும்.

கைத்திறனும் மீட்சியும்

செல்வர்களுக்கு யானைத் தந்தத்திலும், எளியோருக்குத் துணியிலும் காகிதத்திலும் சீட்டுகள் செய்யப்பட்டன. துணி அடுக்குகளைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, வட்டமாக வெட்டி, வண்ணம் தீட்டி, அரக்குப் பூசுவர். அச்சிட்ட மலிவான சீட்டுகள் வந்ததும் இத்தொழில் நலிந்தது. மகாராஷ்டிர மாநிலம் சாவந்த்வாடியில், எஞ்சியிருந்த முதிய கலைஞரிடம் அரச குடும்பத்தினரே தொழிலைக் கற்று, 1970களில் அதற்கு மறுவாழ்வு அளித்தனர். மைசூரில் ஓவியர் ரகுபதி பட் இக்கலையை மீட்க உழைத்தோருள் முதன்மையானவர். பழைய சீட்டுகளைப் பார்த்து வரையப்படும் புதிய படிகளே இன்று இக்கலையைக் காத்து நிற்கின்றன.

சூதாட்டத்தை நம் மார்க்கம் தடை செய்துள்ளது, அதில் ஐயமில்லை. நாம் இங்கு எடுத்துரைத்தது கைத்திறனின் வரலாற்றையே. அருங்காட்சியகம் பொருளைக் காக்கும். அதைச் செய்யும் முறையைக் கற்றுக்கொள்பவரே காக்க முடியும். நம் இல்லத்து மூத்தோரின் கைவேலைகளையும் இளைய தலைமுறையினர் அவர்கள் இருக்கும்போதே கேட்டுப் பயில வேண்டுமென அன்புடன் வேண்டுகிறோம்.