குறிகட்டுவானிலிருந்து இரண்டு படகுகள்

கண்டியில் படிக்கிற எங்களுக்குத் தீவு என்றால் வாவிக்கு நடுவே இருக்கிற அந்தச் சின்னத் திட்டுத்தான். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வெட்டுவித்த வாவி அது. ஆங்கிலேயர் வந்த பிறகு அந்தத் திட்டில் வெடிமருந்து வைத்திருந்தார்கள். இப்போது கரையில் நின்று போட்டோ எடுப்பதோடு சரி.

உண்மையான தீவுகளுக்குப் போகவேண்டும் என்ற ஆசை வந்தது ஒரு போட்டோகொப்பியால். பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் 'யுனிவர்சிட்டி ஒஃப் சிலோன் ரிவியூ' என்ற ஆய்விதழில் எழுதிய கட்டுரை அது. நயினாதீவுக் கோயிலில் உள்ள ஒரு தமிழ்க் கல்வெட்டைப் பற்றியது. பேராதனையில் இருந்துகொண்டு அதை எத்தனை நாள்தான் தாளில் மட்டும் பார்ப்பது? விடுமுறை விட்டதும் ஆறு பேர் கிளம்பினோம். இரண்டு பேர் ஹட்டன் பக்கம், ஒருத்தி மாத்தளை, ஒருவன் அக்குறணை, மற்ற இரண்டு பேர் யாழ்ப்பாணம்.

ஏ9 வீதி கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடிகிறது. யாழ்ப்பாணத்து ஆட்கள் அதைக் 'கண்டி வீதி' என்றுதான் சொல்வார்கள். ராத்திரி பஸ் ஏறி, விடியமுன் யாழ்ப்பாணத்தில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ். பண்ணைப் பாலம், வேலணை, பிறகு இரண்டு பக்கமும் கடல் கிடக்கிற நீண்ட தாம்போதி, புங்குடுதீவு. வீதி முடிகிற இடம் குறிகட்டுவான் இறங்குதுறை. அதற்கு அங்கால் படகுதான் பஸ்.

முதல் படகு நயினாதீவுக்கு. கால் மணித்தியாலப் பயணம். எங்களுக்கு முன்னால் வெள்ளை உடுத்து, தாமரைப் பூவோடு சிங்கள யாத்திரிகர்கள். பக்கத்தில் அர்ச்சனைத் தட்டோடு தமிழ் அம்மாக்கள். அவர்களுக்கு நாகதீப விகாரை, இவர்களுக்கு நாகபூசணி அம்மன். மணி பதித்த ஆசனத்துக்காகச் சண்டைபிடித்த இரண்டு நாக அரசர்களைப் புத்தர் வந்து சமாதானப்படுத்திய இடம் நாகதீபம் என்கிறது மகாவம்சம். மணிமேகலை சொல்கிற மணிபல்லவமும் இதே தீவுதான் என்று கருதுகிறவர்கள் உண்டு. எது சரி என்று படகில் யாரும் வாதாடவில்லை. அலை தெறித்தபோது எல்லாரும் ஒன்றாகத்தான் நனைந்தோம்.

கல்வெட்டுக்கு வருவோம். அதை வெட்டுவித்தவர் 1153 முதல் 1186 வரை பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு. மொழி தமிழ். விஷயம் கப்பல். வெளிநாட்டார் ஊராத்துறைக்கு வரவேண்டும், அவர்கள் பாதுகாக்கப்பட வேண்டும் என்கிறது. ஊராத்துறை என்றால் பக்கத்திலே இருக்கிற இன்றைய ஊர்காவற்றுறை. யானை, குதிரை ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு சொந்தக்காரருக்கு. மற்றச் சரக்குக் கப்பல் உடைந்தால் சரிபாதி. குதிரையும் யானையும் ராஜாவுக்குத் தேவை, அதனால் அந்த வியாபாரிக்குச் சலுகை கூட. ராஜா கணக்கில் கெட்டிக்காரர்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் காலத்தில் கரையில் உடைந்த கப்பலின் சரக்கை அந்தந்த ராஜா அப்படியே எடுத்துக்கொள்வது பல இடங்களில் வழக்கம். ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளியில் காகதீய மன்னர் கணபதி, முன்னைய அரசர்கள் செய்த அந்தப் பறிப்பை இனிச் செய்யமாட்டோம் என்று வணிகருக்கு அபயம் கொடுத்துக் கல்வெட்டு வைத்தது 1244இல். நயினாதீவுக் கல் அதற்கும் முந்தியது. சிங்கள மன்னன் எனப் பள்ளிக்கூடத்தில் படித்த ஒருவர், கடலால் வருகிறவர்களைக் காப்பது அரசின் கடமை என்று தமிழில் எழுதி வைத்திருக்கிறார். யார் வாசிக்கவேண்டுமோ அவர்களுடைய மொழியில் எழுதினார், அவ்வளவுதான். இன்று ஒரு அரச அறிவிப்புப் பலகைக்கு இந்த எளிய புத்தி வர எவ்வளவு பாடு!

திரும்பிக் குறிகட்டுவான் வந்து இரண்டாவது படகு ஏறினோம், நெடுந்தீவுக்கு. இது ஒரு மணித்தியாலம். இதில் யாத்திரிகர் குறைவு. மரக்கறி மூட்டை, காஸ் சிலிண்டர், மோட்டார்சைக்கிள், பட்டணத்தில் மருந்து எடுத்துத் திரும்புகிற கிழவர், பள்ளிக்கூடத்துக்குப் போகிற ஆசிரியர்கள். ஒல்லாந்தர் இந்தத் தீவுகளுக்குத் தங்கட ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். காரைதீவு அம்ஸ்டர்டாம், வேலணை லெய்டன், நெடுந்தீவு டெல்ஃப்ட். கடைசிப் பெயர் மட்டும் இன்றைக்கும் அரச பலகைகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நெடுந்தீவில் எல்லாரும் பார்ப்பதை நாங்களும் பார்த்தோம். சுண்ணாம்பு பூசாத பவளக்கல் வேலிகள், இடிந்த கோட்டை, பருத்த பெருக்கமரம், ஆங்கிலேயர் காலத்தில் லெப்டினன்ட் நோலன் நடத்திய குதிரைப் பண்ணையின் மிச்சம். பண்ணை போய்விட்டது, குதிரைகள் காட்டுக்குதிரைகளாக மேய்ந்துகொண்டு நிற்கின்றன. பராக்கிரமபாகு பார்த்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

ஆனால் எங்களை அமைதியாக்கியது இறங்குதுறைப் பக்கத்தில் இருக்கிற குமுதினி நினைவிடம்.

குமுதினி ஒரு பயணிகள் படகு. நாங்கள் வந்த அதே வழிதான் அதன் வழி. 1985 மே 15 காலையில் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட அந்தப் படகை நடுக்கடலில் மறித்து ஏறினவர்கள் பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். குறைந்தது 23 பேர். அதற்கும் அதிகம் என்பார்கள் ஊரவர்கள். பெண்கள், பிள்ளைகள், கைக்குழந்தையும்கூட. வந்தவர்கள் கடற்படையினர் என்று தப்பியவர்கள் சொன்னார்கள். யாரும் தண்டிக்கப்படவில்லை. அதற்கு முதல்நாள் மே 14, அநுராதபுரத்தில் புலிகள் நூற்றுக்கும் மேற்பட்ட சிங்களப் பொதுமக்களைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். காலைப் படகில் தாமரைப் பூ வைத்திருந்த மனிதர்களின் முகம் அப்போது ஞாபகத்துக்கு வந்தது. ஒரு படுகொலை இன்னொன்றுக்கு நியாயம் ஆகாது. ஆனால் அந்த இரண்டு நாளையும் சேர்த்துப் படிக்காமல் எங்கட வரலாற்றைப் படித்தோம் என்று சொல்லவும் முடியாது.

உடைந்த கப்பலில் வந்த வியாபாரிக்கே பங்கு உண்டு என்று சட்டம் எழுதிய கடலில், 800 வருஷம் கழித்து, ரிக்கெட் எடுத்து ஏறின சனத்துக்குப் பாதுகாப்பு இருக்கவில்லை. கல்வெட்டுக்கும் நினைவிடத்துக்கும் நடுவில் ஒரு மணித்தியாலக் கடல்கூட இல்லை. ஒன்றைப் பற்றிப் பரீட்சையில் எழுதலாம், மற்றதைப் பற்றி எங்கட பாடத்திட்டத்தில் ஒரு வரியும் நாங்கள் பார்த்ததில்லை.

குமுதினி திருத்தப்பட்டுப் பிறகும் பல வருஷம் அதே வழியில் ஓடியது. வேறு என்ன செய்வது, ஊருக்கு அதுதானே பாதை.

பின்னேரப் படகில் திரும்பும்போது ஹட்டன்காரி சொன்னாள்: "எங்க தாத்தாவோட தாத்தாவும் படகுலதான் வந்தாங்க. மன்னார்ல எறங்கி மாத்தளைக்கு நடந்தே வந்தாங்களாம். வழியில செத்தவங்க பேரு எந்தக் கல்லுலயும் இல்ல." யாரும் பதில் சொல்லவில்லை.

பக்கத்தில் இருந்த அம்மா எங்களைப் பார்த்து, "பிள்ளையள் எவடம்?" என்று கேட்டார்.

"கண்டி, அம்மா."

"கண்டியோ! அவ்வளவு தூரத்திலயிருந்து என்னத்தைப் பார்க்க வந்தனீங்கள்?"

கல்வெட்டு என்றோம். அவர் சிரித்தார். "கல்லு எங்கயும் போகாது மோனை. கடைசிப் படகை விட்டிடாதேங்கோ, அதுதான் முக்கியம்" என்றார்.